குரோம்புக்கா, ஐபேடா, லேப்டாப்பா? பள்ளி மாவட்டம் முடிவெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

கொரோனா காலத்தில் அவசர அவசரமாக வாங்கிய கருவிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. 2020, 2021 ஆண்டுகளில் அமெரிக்க நாடாளுமன்றம் பள்ளிகளுக்கென்று மூன்று தவணையாக ஒதுக்கிய நிவாரண நிதி ஏறத்தாழ 190 பில்லியன் டாலர். அதில் ஒரு பங்கு, கூகுள் இயங்குதளத்தில் ஓடும் மலிவு லேப்டாப்பான குரோம்புக்காகவும் ஆப்பிளின் ஐபேடாகவும் மாணவர் கைக்கு வந்தது. அந்த நிதியின் கடைசித் தவணைக்கான கெடு 2024 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. கருவி பழசாகிற நேரம் பார்த்துப் பணமும் வற்றிவிட்டது. அடுத்து என்ன வாங்குவது என்ற கேள்வி இப்போது ஊருக்கு ஊர் ஸ்கூல் போர்டு கூட்டங்களில் எழுகிறது.

நான் ஒரு நடுத்தர அளவுப் பள்ளி மாவட்டத்தின் தொழில்நுட்பப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் இந்தக் கூட்டங்களில் நம் ஆட்களைப் பார்ப்பது அபூர்வம். இப்போது தமிழ்ப் பெற்றோர் வருகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், ஆலோசனைக் குழுவிலும் சேர்கிறார்கள். மகிழ்ச்சியான விஷயம். அவர்களில் பலர் ஐ.டி. வேலையில் இருப்பதால், அலுவலகத்தில் நடப்பதை வைத்துப் பள்ளியையும் கணக்குப் போடுகிறார்கள். அங்கேதான் பேச்சு தடம் மாறுகிறது. அலுவலகத்தில் லேப்டாப் பழுதானால் மாலைக்குள் வேறொன்று மேசைக்கு வந்துவிடும். எங்களிடம் ஒரு டெக்னீஷியன் ஆயிரத்துக்கு மேற்பட்ட கருவிகளைப் பார்த்துக்கொள்கிறார், அவற்றில் பாதி பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் முதுகுப்பையில் இருக்கின்றன.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே அரசுப் பள்ளிகளை நடத்துவது ஊரளவில் இயங்கும் பள்ளி மாவட்டங்கள். நாடு முழுக்க சுமார் 13,000 மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் போர்டுதான் பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருகிறது, பணம் பெரும்பாலும் மாநில அரசிடமிருந்தும் உள்ளூர் வீட்டு வரியிலிருந்தும் வருகிறது. எந்தக் கருவி வாங்குவது என்பதும் அந்த ஊர்க்காரர்கள் எடுக்கும் முடிவே. பெற்றோர் பேசினால் மாறும், பேசாவிட்டால் விற்பனைப் பிரதிநிதி சொன்னதே நடக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்காவது வருடம் அந்தக் கருவியை யார், எந்தப் பணத்தில் ஓட வைக்கப்போகிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் பிராண்டைப் பற்றிப் பேச வேண்டும்.

ஐபேட்

ஐபேடை எடுத்துக்கொண்டால் லாஸ் ஏஞ்சலிஸில் ஆரம்பிக்காமல் முடியாது. நாட்டின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம் அது. 2013 ஜூனில் அதன் போர்டு ஆப்பிளுடன் 30 மில்லியன் டாலர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்தது. ஒரு கருவி 678 டாலர், உள்ளே பியர்சன் நிறுவனத்தின் டிஜிட்டல் பாடத்திட்டம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்று, வைஃபை வசதியும் சேர்த்து மொத்தத் திட்டச் செலவு 1.3 பில்லியன் டாலர் என்று பேசப்பட்டது.

பள்ளி திறந்து சில வாரங்களுக்குள் சுமார் 300 மாணவர்கள் கருவியின் கட்டுப்பாட்டைக் கழற்றிவிட்டார்கள். செட்டிங்ஸுக்குள் போய் மாவட்டம் போட்டிருந்த புரொஃபைலை அழித்தார்கள், அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுபோவது உடனே நிறுத்தப்பட்டது. பாடத்திட்டமோ வாங்கும்போது முழுமையாகவே தயாராகவில்லை. தேர்வுக்குக் கீபோர்டு வேண்டும் என்பதும் அதற்குத் தனிச் செலவாகும் என்பதும் பிறகுதான் பேச்சுக்கு வந்தன. 2014 அக்டோபரில் மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் ஜான் டீஸி பதவி விலகினார். டிசம்பரில் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. இந்த ஒப்பந்தத்தை விசாரிக்க ஆவணங்களைப் பெட்டி பெட்டியாக எடுத்துச் சென்றது, புதிய கண்காணிப்பாளர் ரமோன் கார்டினஸ் ஒப்பந்தத்தை நிறுத்தினார். 2015இல் ஆப்பிளும், அதே பாடத்திட்டத்தோடு லேப்டாப் விற்ற லெனோவோவும் சேர்ந்து மாவட்டத்துக்கு 6.4 மில்லியன் டாலர் கொடுத்துப் பிரச்சினையை முடித்துக்கொண்டன.

இந்தக் கதையைச் சொல்லி ஐபேடே வேண்டாம் என்று முடிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. அங்கே கருவி வேலை செய்தது. அதைச் சுற்றி இருக்க வேண்டிய ஆசிரியர் பயிற்சி, நிர்வாக மென்பொருள், சின்ன அளவில் ஒரு வருடச் சோதனை ஆகியவை இல்லை. இன்றைக்கு ஆப்பிளின் பள்ளி நிர்வாகத் தளத்தில் பதிவு செய்த ஐபேடில் மாணவர் அந்த மாதிரிக் கட்டுப்பாட்டை அழிக்க முடியாது.

ஐபேட் யாருக்கு என்ற கேள்விக்கு மெய்ன் மாநிலத்தின் ஆபர்ன் நகரம் நல்ல பதில் தருகிறது. 2011இல் கிண்டர்கார்டன் குழந்தைகளுக்கே ஐபேட் கொடுத்து நாடு முழுக்கப் பேசப்பட்ட ஊர் அது. 2016இல் அதே மாவட்டத்தில் 7 முதல் 12 வரையிலான வகுப்புகளில் கருத்துக் கேட்டபோது 88.5 விழுக்காடு ஆசிரியர்களும் 74 விழுக்காடு மாணவர்களும் லேப்டாப்தான் வேண்டும் என்றார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுத்தை விரலால் வரைவதும், தான் வாசிப்பதைத் தானே பதிவு செய்து கேட்பதும் பொருந்துகிறது. பத்துப் பக்கக் கட்டுரை எழுத வேண்டிய பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது போதாது. எனவே ஐபேடை இரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் முடிவு. சிறப்புக் கல்வி மாணவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. பேச்சுக்கு உதவும் செயலிகள் பல ஐபேடில்தான் நன்றாக இயங்குகின்றன, அவர்களுக்கு எந்த வகுப்பானாலும் அதுவே வேண்டும்.

பழுது பார்ப்பதில் ஐபேடுக்கு ஒரு குறை உண்டு. கண்ணாடி ஒட்டப்பட்டிருப்பதால் சூடு காட்டித்தான் பிரிக்க வேண்டும். எங்கள் மேசையில் அந்த வேலை நடப்பதில்லை, வெளியே அனுப்பிவிடுகிறோம். போனது திரும்பி வர வாரக்கணக்கு ஆகும்.

மேக்புக்கும் விண்டோஸ் லேப்டாப்பும்

நல்ல லேப்டாப் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் மெய்ன்தான் உதாரணம். ஆளுநர் ஆங்கஸ் கிங் கொண்டுவந்த திட்டத்தில் 2002இல் மாநிலம் முழுக்க ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆப்பிளின் ஐபுக் லேப்டாப் கிடைத்தது, அடுத்த வருடம் எட்டாம் வகுப்புக்கும் வந்தது. நான்கு வருடத்துக்கு 37.2 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அந்தத் தொகைக்குள் லேப்டாப், பள்ளிக்குள் வயர்லெஸ் இணைப்பு, ஆசிரியர் பயிற்சி, பழுது பார்ப்பது எல்லாமே அடங்கியிருந்தன. திட்டம் இத்தனை ஆண்டுகள் நீடித்ததற்கு அந்தக் கட்டமைப்பே காரணம் என்று நினைக்கிறேன். வட கரோலினாவின் மூர்ஸ்வில் மாவட்டமும் அதே வழியில் போனது. அங்கே அப்போது கண்காணிப்பாளராக இருந்த மார்க் எட்வர்ட்ஸ் லேப்டாப்பை விட ஆசிரியர் பயிற்சியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

நேர் எதிர் உதாரணம் நியூ ஜெர்சியின் ஹோபோகன். மத்திய அரசின் ஊக்க நிதி வந்தபோது ஏழாம் வகுப்பிலிருந்து லேப்டாப் கொடுத்தார்கள். நிதி ஒருமுறை வந்தது, பழுது தினமும் வந்தது. திரை உடைந்தது, பேட்டரி செத்தது, வைரஸ் புகுந்தது, பிள்ளைகள் விளையாட்டுத் தளங்களுக்குப் போனார்கள், அதைத் தடுக்கப் போட்ட மென்பொருளால் கருவி மெதுவானது. 2014இல் திட்டத்தைக் கைவிட்டு, பூட்டிய அறையில் அடுக்கி வைத்திருந்த லேப்டாப்களைக் கழிவுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். கொரோனா நிதியில் வாங்கிய மாவட்டங்கள் ஹோபோகனைத்தான் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

விண்டோஸில் இன்னொரு சிக்கல். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. பள்ளிகளுக்கு மட்டும் முதல் வருடம் கருவிக்கு 1 டாலர், இரண்டாம் வருடம் 2, மூன்றாம் வருடம் 4 டாலர் என்று மலிவு விலையில் மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் கொடுக்கிறது. மூச்சு வாங்கிக்கொள்ள அவகாசம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம், அதைத் திட்டம் என்று சொல்ல முடியாது.

எல்லோருக்கும் ஆப்பிளின் மேக்புக் லேப்டாப் கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் உயர்நிலைப் பள்ளியில் வலுவான லேப்டாப் கொஞ்சமாவது இருந்தே ஆக வேண்டும். பொறியியல் வரைபடம், வீடியோ எடிட்டிங், இசைத் தயாரிப்பு, கனமான புரோகிராமிங் ஆகியவற்றைக் குரோம்புக்கில் செய்யச் சொல்வது பிள்ளைகளுக்கு அநியாயம். அந்த வகுப்புகளுக்கென்று ஆய்வக லேப்டாப்கள் தனியாக வேண்டும்.

குரோம்புக்

அமெரிக்கப் பள்ளிகளில் இன்று அதிகம் இருப்பது இதுதான். காரணம் விலை மட்டும் என்று நினைக்கிறார்கள், நிர்வாகம் எளிது என்பது அதைவிடப் பெரிய காரணம். ஒரு குரோம்புக் உடைந்தால் வேறொன்றைக் கையில் கொடுத்து, மாணவர் தன் கணக்கில் நுழைந்தவுடன் அவருடைய கோப்பு எல்லாம் அங்கே இருக்கும். ஐந்து நிமிடத்தில் வகுப்புக்குத் திரும்பிவிடுவார். ஒவ்வொரு கருவிக்கும் ஒருமுறை கட்டும் சுமார் 38 டாலர் உரிமக் கட்டணத்தில் அத்தனை கருவிகளையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம், பூட்டலாம், மாநிலத் தேர்வு நாளில் தேர்வுத் திரையை மட்டும் திறக்கலாம்.

பழுதும் உள்ளேயே பார்க்க முடியும். ஜூன் மாதம் கருவிகளைத் திரும்ப வாங்கும் வாரத்தில் எங்கள் பிரிவுக்கு வந்தால் எல்லாமே புரிந்துவிடும். மேசை முழுக்க குரோம்புக் அடுக்கு, மூடி மேல் ஸ்டிக்கர், ஸ்டிக்கருக்கு அடியில் தேய்ந்த சொத்து எண். கீல் உடைந்தவை ஒரு பக்கம், அவை பெரும்பாலும் திரையின் மூலையைப் பிடித்துத் தூக்கியதால் போனவை. நடுவில் சிலந்தி வலை போலக் கீறல் விட்டவை இன்னொரு பக்கம், பென்சிலையோ இயர்போனையோ கீபோர்டு மேல் வைத்து மூடியதால் வந்த வினை. அப்புறம் எழுத்துச் சாவி பிடுங்கப்பட்டவை. பழகிய கை பிளாஸ்டிக் விளிம்பை நெம்பி, நாலு ஸ்குரூ கழற்றி, ஒயரை மாற்றிப் புதுத் திரை பொருத்த கால் மணி நேரம் போதும். எல்லாவற்றையும் விடத் தொல்லை தருவது சார்ஜ் ஏறும் துளை. தினமும் இரண்டு தரம் செருகிப் பிடுங்கியே அது தளர்ந்துவிடும். 2025 மே மாதம் டிக்டாக்கில் பரவிய ஒரு விபரீத விளையாட்டில் அந்தத் துளைக்குள் பென்சில் கரியையும் பேப்பர் கிளிப்பையும் செருகிப் புகை வரவழைத்தார்கள், சில ஊர்களில் பள்ளியையே காலி செய்ய வேண்டியதாயிற்று. வாங்கும்போது அந்தத் துளை தனிச் சிறு பலகையில் இருக்கிறதா, மதர்போர்டோடு ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். தனிப் பலகை என்றால் சில டாலரில் முடியும், மதர்போர்டில் இருந்தால் பாதி விலை போய்விடும். எந்த விளம்பரத்தாளிலும் இது இருக்காது.

குரோம்புக்கின் பெரிய பலவீனம் காலாவதி. 2023 செப்டம்பரில் கூகுள் 10 ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தது. குரோம்புக்குகள் சீக்கிரமே குப்பைக்குப் போவதை எதிர்த்து பி.ஐ.ஆர்.ஜி. என்ற நுகர்வோர் அமைப்பு அந்த ஏப்ரலில்தான் அறிக்கை வெளியிட்டிருந்தது. நல்ல மாற்றம். ஆனால் அந்தப் 10 ஆண்டு உங்கள் ஊர் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, அந்த மாடலின் அடிப்படைத் தளம் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. தள்ளுபடி விலையில் கிடைக்கிறது என்று பழைய மாடலை வாங்கினால் மூன்று நான்கு வருடம் ஏற்கெனவே கரைந்திருக்கும். விற்பனையாளர்களிடம் விலை கேட்டு வெளியிடும் ஏலக் குறிப்பில் அப்டேட் முடியும் தேதியை எழுத்தில் கேட்காத மாவட்டம் ஏமாறும்.

இலவச மென்பொருள் ஏன் வேண்டாம்?

நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் பிறகு கைட் என்ற நிறுவனமாக வளர்ந்து, மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் லினக்ஸ் அடிப்படையிலான சொந்த இயங்குதளத்தை நடத்துகிறது. அமெரிக்காவிலும் ஒரு முன்னோடி உண்டு. பென்சில்வேனியாவின் பென் மேனர் மாவட்டம் 2014இல் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஏறத்தாழ 1,700 பேருக்கு உபுண்டு என்ற லினக்ஸ் வகை இயங்குதளம் போட்ட லேப்டாப் கொடுத்தது. மாணவர்களே உதவி மையத்தை நடத்தினார்கள், பழுது பார்த்தார்கள், மென்பொருள் எழுதினார்கள். கேரளத்திலும் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் மாணவர்கள் இதையே செய்கிறார்கள்.

இரண்டும் வெற்றி பெற்றது அங்கே லினக்ஸ் தெரிந்த, நீண்ட காலம் தங்கி வேலை செய்த ஆட்கள் இருந்ததால். கேரளத்தில் அந்தச் சுமையை மாநிலமே தாங்குகிறது. இங்கே ஐயாயிரம் மாணவர் உள்ள ஒரு மாவட்டத்தில் அந்த ஓர் ஆள் வேலையை விட்டுப் போனால் எல்லாம் நின்றுவிடும். அதனால் முதன்மை வழியாக இதை நான் சொல்ல மாட்டேன். மாணவர் உதவி மையத்தை மட்டும் எந்த மாவட்டமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கருவி எந்த பிராண்டாக இருந்தாலும் சரி, ஒரு பாடமாகவே வைத்து மதிப்பெண்ணும் கொடுக்கலாம். திரை மாற்றக் கற்ற பிள்ளை தன் கருவியைத் தூக்கும் விதமே மாறிவிடும்.

வீட்டுக்கா, வகுப்பிலேயேவா?

எந்தக் கருவி என்பதை விட இதில்தான் பெற்றோர் கோபப்படுகிறார்கள். ஒரு சாரார் வீட்டுக்கு அனுப்பாதீர்கள், ஏற்கெனவே திரை அதிகம் என்கிறார்கள். இன்னொரு சாரார் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாத பிள்ளை வீட்டுப்பாடத்தை எதில் செய்யும் என்கிறார்கள். இரண்டுமே உண்மை.

வீட்டுக்கு அனுப்பினால் மாவட்டத்தின் பொறுப்பும் வீட்டுக்குள் போகிறது. பென்சில்வேனியாவின் லோயர் மெரியன் மாவட்டம் மாணவர்களுக்குக் கொடுத்த மேக்புக்குகளில் திருட்டைக் கண்டுபிடிக்க ஒரு மென்பொருள் வைத்திருந்தது. அது கேமராவைத் தானாக இயக்கிப் படம் எடுக்கும். மாணவர்கள் தங்கள் அறையில் இருக்கும்போதும் எடுத்துக்கொண்டே இருந்தது தெரியவந்தது. 2010 பிப்ரவரியில் வழக்கு, அக்டோபரில் 610,000 டாலர் சமரசம். எடுக்கப்பட்டிருந்த படங்களும் திரைப்பதிவுகளும் பல்லாயிரம். கெட்ட எண்ணத்தோடு யாரும் தொடங்கியதாகத் தெரியவில்லை. யார், எப்போது, யாருக்குச் சொல்லிவிட்டு அந்த மென்பொருளை இயக்கலாம் என்று எழுத்தில் விதி எதுவும் இல்லை, அதுதான் ஓட்டை. இன்று பல மாவட்டங்கள் வாங்கும் கண்காணிப்பு மென்பொருள் அதைவிட அதிகம் பார்க்கும். பள்ளி நேரம் முடிந்ததும் நிற்குமா, வீட்டு வைஃபையில் என்ன பார்க்கும், பதிவை எத்தனை நாள் வைத்திருக்கும் என்று உங்கள் போர்டில் கேளுங்கள்.

இணைய இணைப்பும் ஒரு பிரச்சினை. வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைக்குக் கருவி கொடுத்து என்ன பயன்? 2024இல் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., வீட்டில் இணையம் தரும் ஹாட்ஸ்பாட் கருவி கொடுக்க நிதி உதவலாம் என்று முடிவு செய்தது. 2025 செப்டம்பரில் அதே ஆணையம் அதைத் திரும்பப் பெற்றது. அந்த நிதியை நம்பித் திட்டம் போட்டவர்கள் நடுவழியில் நின்றார்கள். எனவே இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி பாடத்தை இறக்கி வைக்கும் வழக்கத்தை ஆசிரியர்களிடம் வளர்க்க வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு வரை கருவி வகுப்பிலேயே இருக்கட்டும், ஆறாம் வகுப்பிலிருந்து வீட்டுக்குப் போகட்டும் என்பது என் நிலை. சேதக் கட்டணத்தில் முதல் உடைவுக்குப் பணம் கேட்கக் கூடாது. கட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளை உடைந்ததைச் சொல்லாமல் மறைத்துவிடும், அந்தப் பருவம் முழுக்கக் கருவி இல்லாமலே உட்காரும். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், பொறுக்கவே முடியாத காட்சி.

சரி, வீட்டிலிருந்து சொந்த லேப்டாப் கொண்டுவரலாமே என்று நம் பெற்றோர் கேட்பார்கள். உங்கள் பிள்ளைக்கு அது வசதிதான். ஆனால் தேர்வு மென்பொருள், தகாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி, பழுது என எதையும் நாங்கள் அந்தக் கருவியில் உறுதி செய்ய முடியாது. அதைவிட முக்கியம், வகுப்பில் யார் வீட்டில் காசு இருக்கிறது என்பது மேசை மேலேயே தெரிந்துவிடும். கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், மாவட்டக் கருவிக்கு மாற்றாக வேண்டாம்.

பணக் கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வகுப்புக்கு 400 பேர், கிண்டர்கார்டன் முதல் 12 வரை 13 வகுப்பு, மொத்தம் 5,200 மாணவர். விலைகள் தோராயமானவை, உங்கள் மாநில ஒப்பந்தத்தில் கூடக்குறைய இருக்கும்.

குரோம்புக் 300, உரிமம் 38, உறை 25 டாலர் என்று வைத்தால் எல்லோருக்கும் கொடுக்க ஏறத்தாழ 18.9 லட்சம் டாலர், அதுவும் ஸ்பேர் ஒன்றுகூட இல்லாமல். ஐபேட் 330, கீபோர்டு உறை 100 என்றால் 22.4 லட்சம். 850 டாலர் லேப்டாப் என்றால் 44 லட்சம் தாண்டும்.

நான் சொல்லும் கலவை இப்படி வரும். கிண்டர்கார்டன் முதல் இரண்டாம் வகுப்பு வரை 1,200 குழந்தைகள், இருவருக்கு ஒன்று என்று 600 ஐபேட், சாதா உறையோடு 360 டாலர் வீதம் 2.16 லட்சம். மூன்று முதல் 12 வரை 4,000 பேருக்குக் குரோம்புக், 14.52 லட்சம். அதற்கு நூற்றுக்கு எட்டு வீதம் 320 ஸ்பேர், 1.16 லட்சம். உயர்நிலை ஆய்வகங்களுக்கு 1,000 டாலர் வீதம் 150 வலுவான லேப்டாப், 1.5 லட்சம். கூட்டினால் 19.34 லட்சம். எல்லோருக்கும் குரோம்புக் கொடுப்பதற்கும் இதற்கும் சுமார் நாற்பத்தேழாயிரம் டாலர்தான் வித்தியாசம், அதற்குள் ஸ்பேரும் ஆய்வகமும் வந்துவிட்டன. நான்கு வருடச் சுழற்சியில் வருடத்துக்கு 4.8 லட்சம், ஐந்து வருடமாக்கினால் 3.9 லட்சம்.

அந்தத் தொகையை வருடா வருடம் பொது பட்ஜெட்டில் ஒரு தனி வரியாக எழுத வேண்டும். ஒரேயடியாக எல்லாவற்றையும் வாங்காமல் ஆண்டுக்கு நான்கில் ஒரு பங்கு வாங்கினால் எந்த வருடமும் பேரிடி விழாது, டெக்னீஷியனுக்கும் வேலை சீராக இருக்கும். மானியம் வந்தால் அதை ஆசிரியர் பயிற்சிக்கோ வைஃபை மாற்றவோ செலவிடுங்கள். மானியத்தில் கருவி வாங்கிய மாவட்டம் மானியம் நின்றதும் கையைப் பிசையும்.

குத்தகை எடுக்கலாமா என்றால், காகிதத்தைப் படிக்கும் பொறுமை இருந்தால் எடுக்கலாம். முடிவில் ஒரு டாலருக்குக் கருவி நமக்கே சொந்தமாகும் வகை நல்லது, உடைந்ததையும் உதிரி பாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். திருப்பிக் கொடுக்க வேண்டிய வகையில் மாதத் தொகை குறைவாகத் தெரியும். கடைசியில் காணாமல் போன சார்ஜருக்கும் கீறலுக்கும் பில் வரும், பிள்ளைகள் கையில் நான்கு வருடம் இருந்த கருவியில் எது கீறாமல் இருக்கும்?

நெட்வொர்க்குக்கு மட்டும் உறுதியான உதவி உண்டு. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த இ-ரேட் திட்டம், மாவட்டத்தின் வறுமை அளவைப் பொறுத்து 20 முதல் 90 விழுக்காடு வரை தள்ளுபடி தருகிறது. இணைய இணைப்புக்கும், பள்ளிக்குள் வைஃபைக்கும் சுவிட்சுகளுக்கும் கிடைக்கும், மாணவர் கருவிக்குக் கிடைக்காது. அந்த நிதி ஏற்பாடே செல்லாது என்று தொடர்ந்த வழக்கை 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, அதனால் இப்போதைக்குக் கவலை இல்லை. இணையத்துக்கு இந்தத் தள்ளுபடி வாங்கும் பள்ளி 2000ஆம் ஆண்டுக் குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டப்படி வடிகட்டி போட்டே ஆக வேண்டும்.

பாதுகாப்புக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். 2022 செப்டம்பர் தொழிலாளர் தின விடுமுறையில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் கணினிகளை ஹேக்கர்கள் தாக்கினார்கள். மாவட்டம் பிணைப்பணம் தர மறுத்தது, மாணவர் தகவல் வெளியே கொட்டப்பட்டது. 2024 டிசம்பரில் பல மாவட்டங்கள் மாணவர் பதிவேட்டுக்குப் பயன்படுத்தும் பவர்ஸ்கூல் நிறுவனத்துக்குள் திருடப்பட்ட ஒரு பாஸ்வேர்டை வைத்து நுழைந்தார்கள். நிறுவனம் பணம் கொடுத்தது. அப்படியும் அடுத்த மே மாதம் மாவட்டங்களுக்கே மிரட்டல் வந்தது. உங்கள் மாவட்டத்தில் ஊழியர் அனைவருக்கும் இரட்டை அடையாளச் சோதனை இருக்கிறதா, படித்து முடித்துப் போன பிள்ளைகளின் பழைய தகவலை அழிக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை.

இதையெல்லாம் எப்போது பேசுவது? பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. இ-ரேட் விண்ணப்பம் வழக்கமாக ஜனவரி முதல் மார்ச் வரை, அதற்குக் குறைந்தது 28 நாள் முன்பே ஏல அறிவிப்பு வெளியாகியிருக்க வேண்டும். கருவிக்கான ஆர்டர் ஏப்ரலுக்குள் போனால்தான் ஜூலையில் பெட்டி பிரித்து, எண் ஒட்டி, பதிவு செய்து, பள்ளி திறக்கும் நாளில் கொடுக்க முடியும். மார்ச் மாதப் பொதுக் கூட்டத்தில் பெற்றோர் மைக்கைப் பிடிக்கும்போது ஏலக் குறிப்பு முடிந்து, மாடலும் முடிவாகியிருக்கும். அக்டோபரிலோ நவம்பரிலோ தொழில்நுட்பக் குழு கூடும் தேதியை மாவட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அந்தக் கூட்டத்துக்கே போய் உட்காருங்கள். அங்கே பொதுவாக நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும்.